ரயிலாரின் சேவைநலன் பாராட்டு விழா

உலக வரலாற்றில் பதவியை விட்டுத் தானாக இறங்கியவர்கள் மிகச் சிலர். ரொறொன்ரோத் தமிழர் பொதுவாழ்வில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் ஒரு ரயில்.

அவரை ‘அது’ என்று எழுத என் பேனா கூசுகிறது. வடகிழக்கு ஸ்காபரோ தமிழர் மேம்பாட்டு மன்றத்தின் செயற்குழு, அவரை ‘ரயிலார்’ என்றே அழைக்கவேண்டுமென ஏகமனதாகத் தீர்மானித்தது. மன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். பிரசாரச் செயலாளராகிய நான் அதை மீறமாட்டேன்.

ரயிலார், பிரெஞ்சு பேசும் ஒரு நகரத்தில் நிலத்துக்குக் கீழே முப்பது வருடம் ஓடியவர். நகரத்தின் பெயரைச் சொல்வதற்கில்லை. அங்கேயுள்ள எங்கள் கிளை இரண்டாகி, எது உண்மையான கிளை என்ற விசாரணை இன்னும் நடக்கிறது. இரும்புச் சில்லில் அல்லாமல் றப்பர் ரயரில் ஓடியதால் ரயிலார் சத்தம் போடுவதில்லை. சத்தம் போடாமலே பொதுச்சேவை செய்யலாம் என்ற செய்தி எங்கள் செயற்குழுவைத் திடுக்கிட வைத்தது.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் கமலாம்பிகை அன்ரி. வயது எழுபது. மல்வேர்னில் மகளின் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் வீட்டில் பேச ஆளில்லை. தன்னைப் போன்ற ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு மோலுக்குப் போவார். 1996 மார்கழியில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவர் எழும்பினார்.

“தம்பிமார், ஒரு கோப்பியை வாங்கி வைச்சுக்கொண்டு ஏழு பேர் எவ்வளவு நேரம் இருக்கிறது? செக்கியூரிட்டிப் பெடியன் வந்து எழும்பச் சொல்லுறான். பஸ் ஸ்ரொப்பில நிண்டால் கால் விறைக்குது. எங்களுக்கு ஒரு அறை வேணும். சூடாயிருக்க வேணும், ஒரு கதவு வேணும், பக்கத்தில ஒரு ரொய்லெற் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்.”

தலைவர் சச்சிதானந்தன் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். அவர் எங்கள் ‘இடைக்காலத் தலைவர்’. அந்த இடைக்காலம் அப்போது ஒன்பதாவது வருடத்தில் போய்க்கொண்டிருந்தது.

“நூலகத்தில ஒரு அறை இருக்கு. செவ்வாயும் வியாழனும் சும்மா தருவினம்” என்றார் உபதலைவர் சூசைதாசன்.

“எங்கட பெயர்ப்பலகை போடலாமோ?”

“ஏலாது.”

“திறப்புவிழாக் கல்லெண்டாலும் பதிக்கலாமோ?”

“ஏலாது அண்ணை. அறை அவையின்ர.”

“அப்ப அது அறையில்லை” என்றார் தலைவர். அறையின் இலக்கணத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் எவருமில்லை. நூலகம் கைவிடப்பட்டது.

அடுத்த மாதம் தலைவர் ஒரு கலியாணத்துக்காக அந்தப் பிரெஞ்சு நகரத்துக்குப் போய், பெரிய செய்தியோடு திரும்பினார். அங்கே பழைய ரயில்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். இழுத்துக்கொண்டு போகக்கூடியவர்களுக்குச் சும்மா கொடுக்கிறார்கள்.

“ரெண்டு பெட்டி. ஜன்னல் இருக்கு, கதிரை இருக்கு, பெயர்ப்பலகை போட நீட்டு இடமிருக்கு.”

“தம்பி, சூடு?” என்று கேட்டார் கமலாம்பிகை அன்ரி.

“அக்கா, இது ரயில்!”

“ரயிலெண்டால் சூடாயிருக்குமோ?”

அன்ரியின் கேள்வி ஓர் உபகுழுவுக்கு அனுப்பப்பட்டது. ரொய்லெற்றுக்குத் தனி உபகுழு. அழைப்பிதழின் நிறத்துக்கு ஒன்று. நிறத்தின் உபகுழு மட்டும் பத்துமுறை கூடியது. அதற்குள் ஒரு மாரிக்குளிர் முடிந்து மறு மாரி வந்துவிட்டது. முதல் மாரி முழுக்க அன்ரி கோஷ்டி பஸ் ஸ்ரொப்பில் நின்றது. பொறுமை நம் இனத்தின் பெருஞ்சொத்து என்பதை அவர்கள் நிரூபித்தார்கள்.

1997 கார்த்திகையில், மல்வேர்னில் அங்கத்தவர் ஒருவருக்குச் சொந்தமான கடைத்தொகுதியின் பின்னால், கார் நிறுத்துமிடத்தில், ரயிலார் இரண்டு பெட்டிகளாக வந்து நின்றார். அன்றைக்கே முதல் பனியும் கொட்டியது. றப்பர் ரயருக்குப் பனி ஆகாது என்பதால் சொந்த ஊரில் அவரை நிலத்துக்கு மேலே விட்டதே இல்லையாம். நாங்கள் விட்டோம்.

பணியில் இருந்து இளைப்பாறுபவருக்குச் சேவைநலன் பாராட்டு விழா எடுப்பது எங்கள் வழக்கம். ரயிலாருக்கும் எடுத்தோம். பன்னிரண்டு பொன்னாடைகளை ஒன்றாகத் தைத்துப் போர்த்தினோம். வாழ்த்துப்பா வாசித்தோம். ‘சேவைச் சுடர்’ என்ற பட்டத்தை அவருடைய நெற்றியில், முகப்பு விளக்குகளுக்கு மேலே, ஒட்டினோம். இத்தனைக்கும் அவர் ஏற்புரை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மேடைகளில் அதற்கு முன்னும் பின்னும் காணாத பண்பு அது.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். “ஒருத்தன் எப்ப பதவியை விட்டு இறங்கவேணும் எண்டதை நாங்கள் ரயிலாரிட்டப் படிக்கவேணும்!” என்றபோது உபதலைவர் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

கமலாம்பிகை அன்ரி பனிக்குள் நின்றபடி கேட்டார்: “தம்பி, ரயிலார் இறங்கிட்டார். நீங்கள் எப்ப?”

மைக் பழுதென்று சொல்லித் தலைவர் உரையை முடித்துக்கொண்டார்.

ரயிலாரை ஏற்றிவந்த லொறிக்காரர் அப்போதுதான் ஒரு சிறு தகவலைச் சொன்னார். இந்தப் பெட்டிகளில் ஹீட்டர் இல்லை. றப்பர் ரயர் ஓடும்போது சுரங்கமே வெக்கையாகிவிடும். ஆகவே ஹீட்டர் வைக்கவில்லை. இன்னொன்று, பயணிகளின் கதவுகள் மின்சாரம் இல்லாமல் திறவா. கையால் திறக்கக்கூடியவை இரண்டு அந்தங்களிலும் உள்ள சாரதி அறைக் கதவுகள் மட்டுமே.

“பார்த்தியளோ அக்கா, சூடு இருக்கு” என்றார் தலைவர். “ஓடேக்க வரும்.”

“அப்ப ஓட்டுங்கோ” என்றார் அன்ரி.

ஓட்டுவதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்றிருந்தது. வாகனம் வாங்கினால் ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுப்போம். இளைப்பாறிய வாகனத்துக்கும் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

“எங்களுக்குப் புதுசுதானே? செக்கன்ட் ஹான்ட் காருக்கு வைக்கேல்லையோ?” என்றார் தலைவர். வாதம் முடிந்தது.

தலைவர் கிழக்குப்பக்கச் சாரதி அறையில் ஏறி அமர்ந்து, அந்தப் பக்கத்து ரயர்களின் முன்னே பழம் வைக்கச் சொன்னார். லொறிக்காரர் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு, “எந்தப் பக்கம் இழுக்க?” என்று கேட்டார்.

“முன்னுக்கு!” என்றார் கிழக்கிலிருந்து தலைவர்.

“முன்னுக்கு!” என்று மேற்கிலும் ஒரு குரல் கேட்டது. போய்ப் பார்த்தால், மேற்குச் சாரதி அறையில் சூசைதாசன் அமர்ந்திருந்தார்.

“சூசை, நீர் இருக்கிறது பின்பக்கம்” என்றார் தலைவர்.

“ஆர் சொன்னது? இஞ்சயும் பிரேக் இருக்கு, ஹோர்ன் இருக்கு, முன்லைற் இருக்கு. ஒன்பது வருசமாய் நீங்கள் இருக்கிற பக்கம்தான் முன்பக்கம் எண்டு நினைச்சுப் பழகிட்டியள்.”

“நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன். உமக்கேன் எலுமிச்சம்பழம்?”

“எனக்குப் பழம் தேவையில்லை அண்ணை. ஆனால் பழம் எந்தப் பக்கம் வைக்கிறது எண்டது கொள்கைப் பிரச்சினை.”

அரைமணி நேரத்தில் மேற்குப்பக்க ரயர்களின் முன்னாலும் பழங்கள் முளைத்தன. கடைத்தொகுதியில் எலுமிச்சம்பழம் தீர்ந்துபோனது. இப்போது எந்தப் பக்கம் இழுத்தாலும் அது ஒரு தரப்பின் தோல்வி. லொறிக்காரர் சங்கிலியைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அன்று மாலையே எங்கள் மன்றம் இரண்டு மன்றங்களாக வளர்ச்சி கண்டது. ஒரே நாளில் அங்கத்துவம் குறையாமல் தலைவர்களின் தொகையை இரட்டிப்பாக்கிய வேறு எந்தச் சமூகத்தையும் நான் அறியேன்.

பெட்டிகள் இரண்டுக்கும் இடையிலான வழி, இரண்டு பக்கத்தாலும் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டது. கிழக்கு மன்றத்தின் தலைவர் கிழக்குச் சாரதி அறையிலும் மேற்கு மன்றத்தின் தலைவர் மேற்குச் சாரதி அறையிலுமாக, தடித்த கோட்டும் தொப்பியும் கையுறையும் அணிந்து, சுடுதண்ணிப் போத்தலோடு காவல் இருந்தார்கள். மற்றவன் வந்து பிடித்துவிடுவான் என்ற பயம். உறைபனியிலும் பதவியைக் கைவிடாத அந்த உறுதியை எழுத எனக்குச் சொற்கள் போதவில்லை.

தை மாதத்து ஒரு காலையில் கமலாம்பிகை அன்ரியும் மற்ற ஆறு பேரும் வந்தார்கள். நானும் அங்கே நின்றேன். அன்ரி கிழக்குக் கதவில் தட்டினார். கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கியது.

“வாங்கோ அக்கா. முதல் சொல்லுங்கோ, நீங்கள் எங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?”

“நான் வெளியில நிக்கிற பக்கம், தம்பி. குளிருது.”

“அப்பிடியெண்டால் நடுநிலை. நடுநிலைக்காரரை உள்ளுக்கு விடுகிறதுக்கு மன்றத்தின்ர யாப்பில இடமில்லை அக்கா. குறை நினையாதேங்கோ.”

அன்ரி கண்ணாடி இறங்கிய இடைவெளிக்குள் கையை நீட்டிப் பார்த்தார். “உள்ளுக்கும் இதே குளிர்தானே. பிறகு என்னத்தைத் தம்பி காவல் காக்கிறியள்?”

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஆழமான கேள்விகளுக்கு அவர் உடனே பதில் சொல்வதில்லை.

ஏழு பேரும் மேற்குக் கதவை நோக்கி நடந்தார்கள். நிலம் முழுக்கக் கண்ணாடிபோல் ஐஸ். பாதி வழியில் ஜோசப்பின் அன்ரி, எழுபத்திமூன்று வயது, சறுக்கி விழுந்தார். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு தலைவர்களுக்கும் கேட்டது. கதவைத் திறந்து வெளியே வந்தால் இடம் பறிபோய்விடும் என்பதால் இருவரும் கண்ணாடி வழியாகவே அனுதாபம் தெரிவித்தார்கள். அம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் இரண்டு மன்றங்களும் ஆஸ்பத்திரிக்குத் தனித்தனிப் பழக்கூடைகளோடு போயின. தலைவர் சச்சிதானந்தன் கட்டிலருகே குனிந்து பரிவோடு கேட்டார்.

“எந்தக் கதவடியில விழுந்தனீங்கள்? கிழக்கிலயோ மேற்கிலயோ?”

“நடுவில” என்றார் ஜோசப்பின் அன்ரி.

சூசைதாசன் கட்டிலின் மறுபக்கத்தில் குனிந்தார். “நடுவெண்டாலும், கொஞ்சம் கிழக்கு அண்டின நடுவோ?”

பக்கத்தில் இருந்த கமலாம்பிகை அன்ரி எழும்பினார். இரண்டு பழக்கூடைகளையும் எடுத்து வெளியே, நடைவழியில் வைத்துவிட்டு வந்து இருந்தார். அந்த நேரத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பார்க்கவுமில்லை.

ஆனாலும் மன்றத்தின் பணி வீணாகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்த மாசி முழுவதும் அன்ரியும் மற்ற ஐந்து பேரும் தினமும் ஜோசப்பின் அன்ரியின் கட்டிலைச் சுற்றி அமர்ந்து, வெளியே போகச் சொல்லும்வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். சூடான அறை, ஒரு கதவு, பக்கத்தில் ரொய்லெற். பொதுக்கூட்டத்தில் கேட்ட மூன்றும் கிடைத்துவிட்டன. செலவு, ஒரு இடுப்பெலும்பு.

ரயிலாரை இரண்டு வருடம் கழித்துப் பழைய இரும்புக்காரர் வெட்டிக்கொண்டு போனார். கிழக்கு மன்றம் ஒரு முன்விளக்கை நினைவுச்சின்னமாக வைத்துக்கொண்டது, மேற்கு மன்றம் மற்றதை. எந்தப் பக்கமும் சாராத நான் ஒரு ரயரை எடுத்துக்கொண்டு மூன்றாவது மன்றத்தை ஆரம்பித்தேன். தலைவர் நானேதான், இடைக்காலத்துக்கு.

எங்கள் முதல் கூட்டத்தில் ரயிலாருக்கு இரங்கலுரை ஆற்றும் கடமை என்னுடையது. அவருடைய முப்பது வருடச் சேவையைத் துருவித் துருவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஏற வந்த கிழவியை எந்தப் பக்கம் என்று கேட்டுக் குளிரில் நிறுத்தியது மட்டும் ஒரே ஒரு தடவை நடந்திருக்கிறது. அது அவர் இளைப்பாறி, எங்களிடம் வந்த பிறகு.