சத்தமில்லாத கூலர்

இந்த வீட்டில் ஒரு சாமானையாவது என் இஷ்டத்துக்கு வாங்கியே தீருவது என்று முடிவு கட்டினேன். பெரிசாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்க ஒரு கூலர்.

தைப்பேயில் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன் நான். ஒரு நாள்கூட வேகம் மீறியதில்லை. ஓய்வு பெற்றபின் அந்த வேக ஆசையைக் கம்ப்யூட்டரில் தீர்த்துக்கொண்டேன். கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கு மேல் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், ஏற்றி வைத்தேன். டாங்கிச் சண்டை விளையாட்டு பறந்தது. ஆனால் உள்ளே சிப் கொதித்தது. அதன் தலையில் உட்கார்ந்திருந்த குட்டி விசிறி, மலை ஏறும் பஸ் மாதிரி இரைந்தது.

இரைச்சலில் ஒரு சௌகரியமும் இருந்தது. எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்களுக்கு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

தினமும் என் மனைவி பாவ்ஜூதான் குப்பையைப் போட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வருவாள்.

"பாட்டு கேக்கலையாங்க?"

"இந்த இரைச்சல்ல எனக்கு என்னதான் கேக்குது, சொல்லு! எல்லாம் இந்தப் பாழாப்போன விசிறியாலதான்."

இதைச் சோகமாகச் சொல்வேன். அவளும் கை கழுவப் போவாள்.

கூலர் என்றால் வீடு இரண்டுபடும் என்று பயந்து, பதில்களையெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"சிப் சூடாகுது. புது கூலர் வாங்கணும்."

"வாங்குங்களேன்."

ஒத்திகை வீண்.

"நானும் வர்றேன்" என்றவள், தையல் டேப்பை எடுத்து வந்து கம்ப்யூட்டர் பெட்டியை அளந்துகொண்டாள்.

கடையில், கலர் கலராய் மின்னும் ஒன்றைக் காட்டினேன். கடைக்காரன் ஓடவிட்டான். பாவ்ஜூ காதை வைத்துப் பார்த்தாள்.

"கொசு மாதிரி கத்துதே. சத்தமே போடாதது இல்லையா தம்பி?"

"இருக்குக்கா. இந்தக் கறுப்பு. ரெண்டு பெரிய விசிறி, மெதுவா சுத்தும். ஆனா உயரம் ஜாஸ்தி. பெட்டி மூடணுமே."

"மூடும். அளந்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"லைட்டே இல்லையே பாவ்ஜூ!"

"ஏன், ராத்திரிச் சந்தையில கடை போடப் போறீங்களா? பாவம், காது கேக்காம எவ்வளவு கஷ்டப்பட்டீங்க. உங்களுக்கில்லாத காசா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் சிப்பின் மேல் சூடு கடத்தும் பசை தடவி, திருகு முடுக்கி, மாட்டினேன். ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியொரு அமைதி. சூடும் இறங்கிவிட்டது. டாங்கியைக் கிளப்பினேன்.

தெருக்கோடியில் பாட்டு. கணீரென்று கேட்டது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சமையலறையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "அன்னாசி கேக் இருக்கு. வேணுமாங்க?"

"கொண்டா, கொண்டா!"

கேக் வரவில்லை. இரண்டு கைகளிலும் மூட்டையோடு பாவ்ஜூ வந்தாள்.

"இவ்வளவு மெதுவா சொன்னதே கேட்டுருச்சு. அப்ப பாட்டு?"

"அது... இப்பத்தான் லேசா..."

"ஓடுங்க. வண்டி நிக்காது."

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஜில்லென்று இருக்கிறது. வேர்த்துக் கொட்டுவது நான்தான்.