எனக்கில்ல டொக்டர், காக்காவுக்கு

"என்ன வருத்தம்? வெட்கப்படாமச் சொல்லுங்க" என்று மேசைமேல் இருந்த பெட்டி கேட்டது.

மெல்லக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. மீன்காரன் தெருவில் கூவுகிற சத்தத்தில் கேட்டது. வாங்குப் பலகைகளில் காத்திருந்த இருபது பேரும் விசிறுவதை நிறுத்திவிட்டார்கள். இருமிக்கொண்டிருந்த ஒரு கிழவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

பெட்டிக்கு முன்னால் நின்றவர் அபூதாஹிர். சோளகக் காற்றிலும் குடாவுக்குள் வள்ளம் விடுகிறவர்; நேவிக்காரன் துவக்கை நீட்டி மறித்தாலும் பீடியைக் கீழே போடாதவர். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்போது நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவருக்கு வந்திருந்தது மூலம். அதை ஊர் கேட்கச் சொல்வதைவிட அதோடேயே மௌத்தாகிவிடலாம் என்று முகத்தில் எழுதியிருந்தது.

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி குலசிங்கம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். இந்த டெலிபோன் வந்து இன்றைக்குப் பத்து நாள். பத்து நாளில் பதினேழு பேர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். பதினேழு பேரும் சும்மா சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கதை இதுதான். குறிஞ்சாக்கேணிக்கு அங்கால், களப்போரமாக இருக்கிற இந்தச் சின்ன டிஸ்பென்சரிக்கு டொக்டர் கிடையாது. யுத்தநிறுத்தம் வந்த இரண்டாம் வருடம் அரசாங்கத்துக்கு ஒரு நல்ல புத்தி வந்தது. டொக்டர் இல்லாத இடங்களுக்கு டெலிபோன் கொடுப்போம், நோயாளி இங்கிருந்து கதைக்கட்டும், டொக்டர் திருகோணமலையிலிருந்து மருந்து சொல்லட்டும் என்று ஒரு திட்டம் போட்டு, அதற்கு நிதியும் ஒதுக்கிவிட்டார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று மாதப் பரீட்சார்த்தம். மாதம் நாற்பது பேராவது கதைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

போனால் போகட்டும் என்று குலசிங்கத்தால் இருக்க ஏலாது. கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து அவர் மனைவி பூரணி முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறக்க இன்னும் மூன்றரை மாதம். சண்டை நின்றிருந்ததே தவிர, மறித்துச் சோதிக்கிற சென்றி ஒன்றும் எழும்பவில்லை. பாதை என்று ஊரார் சொல்லும் மிதவைதான் களப்பைக் கடக்க ஒரே வழி. அதுவும் பொழுதுபட்டால் ஓடாது; வள்ளத்தையும் நேவி விடாது. அதற்குப் பிறகு பூரணிக்கு நோக்காடு வந்தால் டொக்டரைக் கேட்க இந்தப் பெட்டியை விட்டால் வேறு நாதியில்லை. அந்தப் பெட்டிமேல் அவர் உயிரையே வைத்திருந்தார் என்றால் மிகையில்லை.

பெட்டி பூட்டவந்த பொடியனோ கடைசிப் பாதையைப் பிடிக்கிற அவதியில் ஏரியலைத் தென்னையில் கட்டினான், பச்சைப் பொத்தானைக் காட்டினான், மிச்சச் சாமான் எல்லாம் மட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டான். பச்சைப் பொத்தானை அமர்த்தினால் டொக்டர் ஸுஹைர் ஊருக்கே கேட்கப் பேசுவார். சத்தத்தைக் குறைக்க வழி தெரியவில்லை. அரசாங்கச் சாமான் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று குலசிங்கமும் விட்டுவிட்டார். பெட்டியின் இடப்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் இருந்தது. பேனை வைக்க நல்ல வசதி.

மட்டைப்பெட்டியை எடுத்து ஒழுங்குபண்ணியவர் ஸல்ஹா ராத்தா. இருபது வருடமாக டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைத்து ஆள்பவர். புதுச்சாமான் எது வந்தாலும் பொலித்தீன் பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அதிலும் தராதரம் உண்டு. ஒப்பிசர் வந்தால் வெள்ளை விரிப்பும் கண்ணாடிக் கிளாசும் வெளியே வரும். மந்திரி வந்தால்தான் மற்றதெல்லாம். மந்திரி இதுவரைக்கும் வந்ததில்லை.

சரி, அபூதாஹிரிடம் வருவோம். மனிதர் திரும்பிப் போகக் காலை எடுத்தபோது குலசிங்கம் எட்டிக் கையைப் பிடித்தார். பிடித்துக் காதுக்குள் சொன்னார்: "உங்களுக்கெண்டு ஏன் சொல்லுறீங்கள்? வேறை ஆருக்கோ எண்டு சொல்லுங்கோவன்."

அபூதாஹிரின் முகம் மலர்ந்தது.

"எனக்கில்ல டொக்டர்" என்றார் கணீரென்று. "எங்கட ஸைனுலாப்தீன் காக்காவுக்கு. மூலம். கதிரையில இருக்க ஏலாமக் கிடக்காரு."

ஸைனுலாப்தீன் அரிசி ஆலைக்காரர், ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். அபூதாஹிரின் பக்கத்து வளவு. இருவருக்கும் நடுவே ஒரு முருங்கைமரத்தால் ஆறு வருடமாக வேலிச்சண்டை. வாங்கில் இருந்தவர்கள் முகத்தில் பெருநாள் பிறை கண்ட சந்தோஷம். டொக்டர் மருந்து சொன்னார். அபூதாஹிர் காக்காவின் பேரில் மருந்தை வாங்கிச் சாரத்தில் முடிந்துகொண்டு போனார். பதிவுப் புத்தகத்தில் குலசிங்கம் முதல் பேரை எழுதினார்: ஸைனுலாப்தீன், மூலம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஸைனுலாப்தீன் வந்துவிட்டார். குலசிங்கம் மேசைக்கு அப்பால் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் வந்தவர் சண்டைக்கு வரவில்லை. நேரே பெட்டிக்கு முன்னால் போய் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அபூதாஹிருக்குப் பயங்கரக் குறட்டை என்றும், பொண்டாட்டி நித்திரையில்லாமல் தாய்வீட்டுக்குப் போய் ஒரு கிழமை என்றும் டொக்டருக்கு விவரமாகச் சொன்னார். தாய்வீட்டுக்குப் போனது ஸைனுலாப்தீனின் பொண்டாட்டி. அது ஊருக்கே தெரியும்.

அதற்குப் பிறகு டிஸ்பென்சரி களைகட்டிவிட்டது. றுக்கியா தன் மதினிக்குச் சொறி என்றாள். மதினி வந்து, றுக்கியாவுக்கு வாய்வு என்றாள். சம்பந்திகள் ஒருவருக்கொருவர் வருத்தம் சொன்னார்கள். வருத்தம் இல்லாதவர்களும் பாய் கொண்டுவந்து விரித்துக் கேட்டார்கள். ஸல்ஹா ராத்தா பெரிய கேத்தலில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். முதல் மாதம் ஐம்பத்தொன்று. குலசிங்கம் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பூரணிக்குக் காட்டினார். அவள் பேர்களை வாசித்துவிட்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறக்கப்போகிற பிள்ளையும் சேர்ந்து சிரிப்பது போல இருந்தது அவருக்கு.

ஆனால் ஊருக்குள் பாதிப்பேர் மற்றப் பாதிப்பேரோடு கதைக்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு கல்யாணப் பேச்சும் குழம்பியது. மாப்பிள்ளைக்கு வலிப்பு என்று புத்தகத்தில் இருந்ததாம். குலசிங்கம் யோசித்தார். உள்ளூர்ப் பேர் வேண்டாம், வெளியூரில் இருக்கிற ஆட்களின் பேரைச் சொல்லுங்கோ என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

ஊரார் நல்லவர்கள், கேட்டார்கள். ஒரு மனிதர் தன் நெஞ்சுவலியை மூதூரில் இருக்கிற மச்சினி நஜ்முன் நிஸாவின் தலையில் கட்டினார். அந்தச் செய்தி பாதை கடந்து, பஸ் ஏறி, தோணி மாறி மூதூரைச் சேரும்போது நஜ்முன் நிஸா கடைசி மூச்சில் இருந்தாள். மூதூர்ச் சொந்தம் முழுக்க அழுதுகொண்டு அவள் வீட்டுக்கு ஓடியது. அவளோ முற்றத்தில் இடியப்ப மா இடித்துக்கொண்டிருந்தாளாம். விசாரித்து விசாரித்து, மூன்றாம் நாள் ஒரு வள்ளம் நிறையச் சனம் டிஸ்பென்சரி வாசலில் வந்து இறங்கியது. நஜ்முன் நிஸா முன்னுக்கு நின்றாள், கையில் உலக்கை இல்லாத குறைதான். அவர்களைச் சமாதானப்படுத்த ஒரு பின்னேரமும், இரண்டு கேத்தல் பிளேன்டீயும் போயின. போகும்போது அவளும் பெட்டிக்கு முன்னால் நின்று, தன் மச்சானுக்கு முழங்கால் வலி என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போனாள். அதோடு வெளியூர்ப் பேரும் வேண்டாம், பழையபடி உள்ளூர்ப் பேரே போதும் என்று விட்டுவிட்டார் குலசிங்கம்.

மூன்றாம் மாதம் முடிய, திட்டக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. தவராசா என்ற அதிகாரி வருவார்; புத்தகத்தில் உள்ள நோயாளிகளை நேரில் கண்டு விசாரிப்பார்; அதன் பிறகுதான் முடிவு.

குலசிங்கம் ஊரைக் கூட்டினார். வாழ்க்கையில் ஒருவரிடமும் கைகூப்பாதவர் அன்றைக்குக் கூப்பினார். "உங்கட பேரில எந்த வருத்தம் எழுதியிருக்கோ, அதை ஒரு நாளைக்கு மட்டும் ஓமெண்டு சொல்லுங்கோ. என்ர பூரணிக்காகக் கேக்கிறன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஸைனுலாப்தீன்கூட, பூரணி தன் மகள் மாதிரி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

தவராசா வந்தார். வெள்ளை விரிப்பும் கண்ணாடிக் கிளாசும் அலுமாரியிலிருந்து வெளியே வந்தன. கதிரையைத் துடைத்துப் போட்டும் மனிதர் இருக்கவில்லை. ஜீப்பில் இருந்து இருந்து அலுத்துப்போச்சு என்றார். நின்றபடியே புத்தகத்தை விரித்தார்.

"ஸைனுலாப்தீன். மூலம் இப்ப எப்பிடி?"

ஸைனுலாப்தீன் எழும்பினார். ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. அபூதாஹிர் ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதையும் அவர் பார்த்தார். அதோடு எல்லாம் போயிற்று.

"எனக்கில்ல சேர்" என்றார். "அது அந்தா நிக்கிற அபூதாஹிருக்கு."

அபூதாஹிர், தனக்கு எழுதியிருக்கிறது குறட்டை, அதுவும் காக்காவுடையது என்றார். றுக்கியா மதினியைக் காட்டினாள். மதினி மாமியைக் காட்டினாள். மாமி சம்பந்தியைக் காட்டினார். அரைமணித்தியாலம் விரல்கள் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. கடைசி விரல் திரும்பவும் ஸைனுலாப்தீனிடமே வந்து நின்றது.

தவராசா புத்தகத்தை மூடினார். "குலசிங்கம், நூற்றெண்பத்தாறு பேர் எழுதியிருக்கிறீர். ஒருத்தருக்கும் வருத்தமில்லை. இவ்வளவு சுகமான ஊருக்கு டெலிபோன் என்னத்துக்கு?"

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார்கள். பெண்களும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினார்கள். மண்டபம் வெறிச்சோடியது.

குலசிங்கம் ஒன்றையும் மறைக்கவில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். பதினொரு வருடத்தைச் சொன்னார். பொழுதுபட்டால் பாதை ஓடாததைச் சொன்னார். பூரணிக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது என்றார். பொய்ப்பேர் எழுதியது பிழைதான், ஆனால் மருந்து எடுத்தவர்கள் எல்லோரும் மெய்யான நோயாளிகள், எல்லோருக்கும் சுகமும் வந்தது என்றார். பேசி முடிக்கும்போது அவர் கண் நிறைந்திருந்தது.

தவராசா இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி நின்றார். யன்னலை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூலத்துக்கும் சுகம் வந்ததோ?"

"ஓம் சேர். ரெண்டு கிழமையில."

"எனக்கில்லை. எங்கட கந்தோரில ஒரு கிளாக்கர். பாவம், மூண்டு மாசமா இருக்க ஏலாம நிண்டுகொண்டே வேலை செய்யிறார். வெளியில சொல்லக் கூச்சப்படுறார்." கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "டொக்டர் இப்ப லைனில இருப்பாரோ?"

குலசிங்கம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதிக்கரி வேலைக்கு வந்து பதினெட்டு வருடம். இந்தக் கிளாக்கரை அவர் எத்தனையோ தரம் சந்தித்திருக்கிறார். பச்சைப் பொத்தானை அமர்த்தினார்.

"என்ன வருத்தம்? வெட்கப்படாமச் சொல்லுங்க" என்று பெட்டி முழங்கியது.

வாசலைத் தாண்டிப் போன செருப்புச் சத்தங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. மறுகணம் யன்னலில் ஐந்தாறு முக்காடுகள் முளைத்தன. றுக்கியா தன் மதினிக்கு இடம்விட்டு ஒதுங்கினாள்.

தவராசா பாய்ந்து பொத்தானை அணைத்தார். "இதென்ன கூத்து? ஏன் ஒலிபெருக்கியில கதைக்கிறீர்? ரிசீவர் எங்கை?"

"ரிசீவரோ சேர்?"

"காதில வைச்சுக் கதைக்கிறது, ஐசே. மூண்டு மாசமா இதை எப்பிடிப் பாவிச்சனீர்?" தவராசா பெட்டியின் பள்ளத்திலிருந்த பேனைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்குள்ள இருக்கவேண்டிய சாமான். கறுப்பா, இவ்வளவு நீளத்தில."

குலசிங்கம் பள்ளத்தைப் பார்த்தார். பேனைகளைப் பார்த்தார். மூலமும், குறட்டையும், சொறியும், உடைந்துபோன கல்யாணப் பேச்சும், மூதூர் வள்ளமும் அவர் கண்முன்னால் வரிசையாகப் போயின. கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

தவராசா தன் விசாரணைப் படிவத்தை எடுத்து, "தொடர்ந்து வழங்கலாம்" என்று எழுதி, பேனையைக் கையெழுத்து இடத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "அந்த ரிசீவரை எப்பிடியாவது தேடி எடும். கிளாக்கரின்ர விசயம் நான் தனியக் கதைக்கவேணும். எடுத்தீரெண்டால் இப்பவே கையெழுத்து வைக்கிறன். உம்மட பிள்ளை வளந்து பள்ளிக்கூடம் போனாலும் இந்த டெலிபோனை ஒருத்தரும் தொடமாட்டினம்."

கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணியோடு வாசலில் நின்ற ஸல்ஹா ராத்தா, இடுப்பிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"அந்தக் கறுப்புக் கைபிடியா சேர்? அத மந்திரி வரக்குள்ள எடுக்கலாமெண்டு பொலித்தீன் கூடக் கழட்டாம அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிருக்கன்."