என் கடையைத் தூங்க வைத்த தாலாட்டு அண்ணாச்சி

தாராவி முழுக்கச் சலித்தாலும் தாலாட்டு அண்ணாச்சியைப் போல ஓர் ஆள் கிடைக்க மாட்டார். எதையும் சும்மா ஓட விடாத மனுஷன். அவர் குடியிருக்கும் பரணில் வேர்த்தால்தான் ஃபேன் சுற்றும். சட்டை ஆணியில் தொங்கும். ஏணி கிரீச்சென்றால் எடுத்து மாட்டுவார். வந்தவர் இறங்கியதும் கழற்றிவிடுவார்.

தொழிலும் அப்படித்தான். எங்கள் சந்துக் கடைகளுக்கெல்லாம் இன்டர்நெட்டில் கடை போட்டுக் கொடுத்து, அத்தனையையும் டிபன் டப்பா அளவுள்ள ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். என் ஸ்கூல் பைக் கடையும் அதில்தான். நான் ஏழாவதோடு நின்றவன். டப்பாவுக்குள் என் கடை என்ன செய்கிறதோ என்று ஓயாத கவலை. ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“தூங்குதுவே.”

“என்னது, கடை தூங்குதா?”

“ஆமா. வாசல்ல காவக்காரன் மாதிரி ஒரு புரோகிராமை நிறுத்தியிருக்கேன். ஆள் வந்தா உம்ம கடைய எழுப்புவான். ஆள் போயி கொஞ்ச நேரம் ஈயாடுனா படுக்கப் போட்டுருவான். எல்லாக் கடையும் ஒண்ணா முழிச்சா டப்பாவுக்கு மூச்சு முட்டும்லா?”

கடை தூங்கினால் வியாபாரம் எப்படி நடக்கும்? பக்கத்தில் இருக்கும் காதர் பாயின் பெல்ட் கடையை மட்டும் முழிக்க வைத்திருக்கிறாரோ? அன்றிலிருந்து போனில் என் கடையைத் திறந்து திறந்து பார்த்தேன். பல் தேய்க்கும்போது ஒரு தரம், மெஷினில் நூல் கோக்கும்போது ஒரு தரம். காதர் பாயிடமும் சந்தேகத்தைச் சொல்லிவைத்தேன். அவர் சந்து முழுக்கச் சொன்னார். ஆளாளுக்குத் தன் கடையைத் தட்ட ஆரம்பித்தோம்.

அந்த நேரம் பார்த்து, காட்கோபரில் ஒரு பள்ளிக்கூடம், “பதினோரு மணிக்கு உங்க பையெல்லாம் பார்த்து ஆர்டர் போடறோம்” என்றது. அது கைவிட்டால் மழைக்காலம் முழுக்க என் மெஷின்களுக்கு வேலை கிடையாது. பத்தரைக்குக் கடையைத் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை. ஏணியில் தாவினேன், பின்னாலேயே காதர் பாய்.

“அண்ணாச்சி, கடை செத்துப்போச்சு!”

அவர் சட்டைகூட மாட்டவில்லை. “காலையிலருந்து ஒரு கடையும் கண்ணசரல. விடாம தட்டுதாங்க. யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகுதுன்னுல்லா நெனச்சேன்! பாத்தா, அம்புட்டும் நம்ம சந்து போனு!”

“நம்ம கடைய நாம பாக்கக் கூடாதா?” என்றார் காதர் பாய்.

“பாய், தூங்குற புள்ளைய நிமிசத்துக்கு ஒருக்கா எழுப்பி, ‘தூங்குதியா’ன்னு கேட்டா, அது எப்பவே தூங்கும்?”

எங்கள் போன்களைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு, மூடி, மேலே உட்கார்ந்துகொண்டார். “ஒருத்தனும் கடையத் தொடக் கூடாதுன்னு சந்து பூரா சொல்லும், ஓடும்!” என்று பாயை விரட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் கம்ப்யூட்டர் திரையில் கடைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. என்னுடையதும் அணைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடம் தட்ட, காவல்காரன் என் கடையை எழுப்பினான். ரெண்டே நொடிதான், உயிர் போய்த் திரும்பியது. ஆர்டர் விழுந்தது. “வந்த வேலை முடிஞ்சுட்டுல்லா? இறங்கும்வே” என்று அண்ணாச்சி ஃபேனை நிறுத்தினார்.

கடையைப் பற்றி இப்போது எனக்குச் சந்தேகமில்லை. எல்லாவற்றையும் தூங்க வைக்கிற இந்த மனுஷன் தூங்குகிறாரா என்பதுதான் சந்தேகம். மத்தியானங்களில் ஏணியடியில் போய் நின்று காது கொடுத்துக் கேட்பேன். படியில் மட்டும் கால் வைக்க மாட்டேன். கிரீச்சென்றால் எழுந்து சட்டையை மாட்டிவிடுவார்.