சவூதிக்குப் போவதற்காக ஒரு கலியாணம்

நான் இன்றுவரை சவூதி அரேபியாவுக்குப் போனதில்லை. விமானம் மாறுவதற்காகக்கூட அங்கே கால் வைத்ததில்லை. ஆனால் ஒரு பிற்பகல் முழுக்க நின்று, முப்பது பேருக்கு அந்த நாட்டுச் சுற்றுலாவை விளம்பரம் செய்தவன் நான். அதனால் விளைந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் மொன்றியலுக்கு வந்த ஏழாவது வருடம், ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு சின்னப் பயண முகவர் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் சீஸைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். (சீஸ் கேள்வி கேட்காது. அதன் அருமை அப்போது தெரியவில்லை.) கொழும்புக்கு டிக்கெட் போட வரும் தமிழ்ச் சனங்களைக் கவனிப்பதுதான் என் வேலை. முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது மாதம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, முதலாளி நிக்கோல் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெற்றவர்களைச் சவூதிக்கு அழைத்துப்போகும் பதினொரு நாள் பயணம் ஒன்றை அவர் ஆரம்பித்திருந்தார்.

"இப்போதுதான் சுற்றுலாவுக்குக் கதவைத் திறந்திருக்கிறார்கள். ஆனால் மதக் கட்டுப்பாடு கூடிய நாடு என்று இங்கே எல்லோருக்கும் தயக்கம். கூட்டம் வைத்துத் தயக்கத்தைப் போக்க வேண்டும். நான் பேசுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். நீங்கள் அந்தப் பக்கத்து ஆள்தானே, ஜெரோம்?"

மட்டக்களப்பில் பிறந்து, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன் நான். எங்கள் ஊருக்கும் ரியாத்துக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். நான் "வீ" என்றேன். பிரெஞ்சில் நம் 'ஓம்', 'ஆம்' என்பதற்கு அதுதான் சொல். என் பிரெஞ்சு மொழி அறிவில் பாதி அந்த ஒரு சொல்தான்.

வீட்டில் என் மனைவி ரஞ்சி சிரித்தாள்.

"நீங்க எப்ப அந்தப் பக்கத்து ஆளானீங்க?"

"அக்காட புருசன் ரியாத்தில டிரைவரா இருந்தவர்தானே."

"அப்ப அத்தானையல்லோ கூப்பிட்டுக் கதைக்க விடணும்?"

அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் ஊர் திரும்பி இருபது வருடமாகிறது. "தம்பி, அங்க போறவனுக்கு முதல்ல வாயைப் பொத்தத் தெரியணும்" என்றார். நல்ல புத்திதான். கேட்கவில்லை.

கூட்டத்தன்று காலை நிக்கோலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்று வருகிறது, சத்தம் வரவில்லை. ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார்: 'நீங்களே பேசுங்கள்.'

நகராட்சி நூலகத்தின் மாடியில், முப்பது பேர் கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். நிக்கோல் முன்வரிசையில். நான் கோட்டும் தாடியுமாக நின்றேன். எல்லோரும் என்னை அந்த நாட்டிலிருந்தே இறக்கிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள். முதலில் எழுந்த முதியவர் "உங்கள் நாடு மிக அழகு" என்றார். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். (இதற்கு இன்னும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.)

படங்கள் காப்பாற்றின. அல்-உலாவில் மலையைக் குடைந்து செய்த பழைய கல்லறைகள், ஜெத்தாவில் பவளக்கல் வீடுகள். அவற்றைக் காட்டி 'அழகு', 'மிக அழகு', 'மிக மிக அழகு' என்று என்னிடம் இருந்த மூன்று வர்ணனைகளையும் பயன்படுத்தினேன். பிறகு கேள்வி நேரம்.

"பெண்கள் உடை விஷயத்தில் எப்படி?" என்று ஒரு அம்மா கேட்டார்.

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் நல்லது என்று நிக்கோல் தந்த கோப்பில் இருந்தது. தோளுக்கும் முழங்காலுக்கும் பிரெஞ்சுச் சொற்கள் அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டன.

"உடுத்தியிருக்க வேண்டும், மாடம்" என்றேன்.

"லொங்குய்யிலும் அப்படித்தான், மிஸ்யூ" என்றார் அவர்.

சபை சிரித்தது. அடுத்து, ஓய்வு பெற்ற பஸ் சாரதி ஒருவர் கையைத் தூக்கினார். பெயர் ஜில்பேர். எழுபத்திரண்டு வயது, கண் கூசுகிற சிவப்புச் சட்டை.

"வைன்?"

"இல்லை."

"பதினொரு நாளும்?"

"பதினொரு நாளும்."

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. வைனுக்குப் பதிலாகத் தேநீர் இருக்கிறது என்று ஆரம்பித்தவன், தேநீரில் நல்லது மலைநாட்டுத் தேநீர், அதிலும் நுவரெலியாத் தேநீர் என்று போய்க்கொண்டே இருந்தேன். நிக்கோல் இரண்டு கையையும் அசைத்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, தேயிலை கிள்ளுவது எப்படி என்றும் நடித்துக் காட்டினேன். சவூதிக்காக வந்த கூட்டத்தில் ஐந்து பேர் இலங்கைக்குப் போக விபரம் கேட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. நிக்கோல் புரொஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜில்பேர் ஒரு மெலிந்த, நிமிர்ந்த அம்மாவோடு என்னிடம் வந்தார். மொனிக். ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர்தான் தணிந்த குரலில் கேட்டார்:

"மிஸ்யூ, நாங்கள் முப்பத்தெட்டு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். ஆனால் கலியாணம் கட்டவில்லை. ஹோட்டலில் ஒரே அறையில் தங்குவதற்கு அது பிரச்சினை இல்லையே?"

இங்கே கலியாணம் கட்டாமலே பேரப்பிள்ளை கண்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். எனக்கு அது அதிசயமில்லை. பதிலும் தெரியும். வெளிநாட்டுத் தம்பதிகளிடம் கலியாணப் பத்திரம் கேட்கமாட்டார்கள் என்று கோப்பில் தெளிவாக இருந்தது. அன்று எனக்குச் சரியாகத் தெரிந்த ஒரே பதில் அதுதான். சந்தோஷமாகச் சொன்னேன்:

"வீ, மாடம்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "பிரச்சினை இல்லையே?"

"வீ, வீ." சிரித்தேன். கூடவே நம் வழக்கப்படி தலையையும் இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லிப் போனார்கள். ஒரு வாடிக்கையாளரையாவது திருப்தியாக அனுப்பினேன் என்று மஞ்சள் தடத்து மெத்ரோ ரயிலில் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அவர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஜில்பேர் தலைமயிர் வெட்டி, பத்து வயது குறைந்து நின்றார். மொனிக் என் மேசையில் ஒரு அட்டையை வைத்தார். கலியாண அழைப்பிதழ்.

"உங்களால்தான்" என்றார் ஜில்பேர்.

குரல் திரும்பியிருந்த நிக்கோல் எட்டிப் பார்த்தார். "வாழ்த்துகள்! ஏன் திடீரென்று?"

"கட்டாமல் போனால் அறை தரமாட்டார்கள் என்று இவர் சொன்னாரே. பாவம், மனம் நோகாமல் சிரித்துக்கொண்டே சொன்னார்" என்றார் மொனிக்.

"வெளிநாட்டவரிடம் அப்படிக் கேட்பதே இல்லை!" நிக்கோல் என் பக்கம் திரும்பினார். "ஜெரோம், என்ன சொன்னீர்கள்?"

"பிரச்சினை இல்லையே என்று கேட்டார். 'வீ' என்று சொன்னேன்."

நிக்கோல் கண்ணை மூடிக்கொண்டார். அன்றுதான் எனக்கு அந்தப் பாடம் விளங்கியது. 'பிரச்சினை இல்லையே?' என்று தமிழில் கேட்டு 'ஓம்' என்று பதில் வந்தால், இல்லை என்று நிம்மதியாகப் போகலாம். இந்த ஊர்ப் பிரெஞ்சில் அதே கேள்விக்கு 'வீ' என்றால், 'இருக்கிறது, பிரச்சினை இருக்கிறது' என்று அர்த்தம். நான் இரண்டு தரம் சொல்லி, மறுப்பதுபோலத் தலையையும் ஆட்டியிருக்கிறேன்.

மொனிக் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்படியென்றால், கட்டத் தேவையில்லை."

அவர் சிறு வயதில், பாதிரியார் சொன்னதுதான் வீட்டில் சட்டமாம். பதினெட்டு வயதில் கோயிலை விட்டு வந்தவர், எந்தக் காலத்திலும் கலியாணம் கட்டுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தார். அந்தச் சபதத்தை இத்தனை வருடம் காப்பாற்றியவரை, கோயிலுக்குத் தவறாமல் போகிற நான் ஒரு சொல்லில் கவிழ்த்திருக்கிறேன். எனக்கு மேசைக்குக் கீழே போய் உட்கார வேண்டும் போலிருந்தது. வேலை போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் அதைவிட, ஜில்பேரைப் பார்க்கத்தான் முடியவில்லை. அந்தப் பெரிய மனிதர் மயிர் வெட்டிய தலையைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை, மொனிக்" என்றார். "கட்டாமலே போவோம். எனக்கு ஒன்றும் இல்லை."

ஒன்றும் இல்லை என்பவரின் குரல் அல்ல அது.

மொனிக் அவர் பக்கம் திரும்பினார்.

"சப்பாத்து வாங்கிவிட்டேனே" என்றார். "வெள்ளைச் சப்பாத்து. அதை வேறு எங்கே போட்டு நடப்பது?"

ஜில்பேர் நிமிர்ந்தார். சட்டைப்பையில் லேஞ்சியைத் தேடினார், கிடைக்கவில்லை. என் மேசையிலிருந்த திசுத்தாளை எடுத்து மூக்கைச் சீறினார்.

"பதினொரு தரம் கேட்டிருக்கிறேன், மிஸ்யூ" என்றார் என்னிடம். "பதினொரு தரமும் மாட்டேன் என்றாள். நீங்கள் என்ன, ஒரே நாளில்..."

"நான் ஒன்றும் செய்யவில்லை" என்றேன். அது முழு உண்மை.

ஜூனில் கலியாணம் நடந்தது. பாதிரியார் இல்லாமல், நகராட்சி மண்டபத்தில். ரஞ்சி பட்டுச்சேலையோடு வந்தாள். ஜில்பேர் ஒவ்வொரு மேசையாக என்னைக் கூட்டிப்போய், "எங்களைக் கட்டாயப்படுத்தியவர் இவர்தான்" என்று அறிமுகம் செய்தார். அன்று மூன்று கிளாஸ் வைன் குடித்தார். பதினொரு நாளுக்கும் சேர்த்து என்றார்.

பயணத்திலிருந்து வந்த பிறகு மொனிக் சொன்னார்: அல்-உலாவில் ஹோட்டல் வரவேற்பாளர் கடவுச்சீட்டை மட்டும்தான் கேட்டாராம். மொனிக் விடவில்லை; கலியாணப் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்திருக்கிறார். "தேவையில்லை, மாடம்" என்று அந்தப் பொடியன் சொல்ல, "இதற்காகத்தான் கட்டினேன், நீங்கள் வாசித்தே ஆக வேண்டும்" என்றாராம். அவன் மரியாதையாக முழுவதையும் வாசித்துவிட்டு, மாலையில் அறைக்கு ஒரு தட்டுப் பேரீச்சம்பழமும் பூவும் அனுப்பியிருக்கிறான்.

நிக்கோல் என்னை வேலையில் வைத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: தனியாக 'வீ' சொல்லக்கூடாது, வசனமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். என் பிரெஞ்சு தேறியது அப்படித்தான்.

கதையை ரஞ்சி தொலைபேசியில் கனடா முழுக்கப் பரப்பிவிட்டாள். இப்போது எங்கள் சொந்தத்தில் எங்காவது ஒரு கலியாணப் பேச்சு இழுபட்டால், எந்த ஊரில் என்றாலும், அழைப்பு எனக்குத்தான் வருகிறது. போன கிழமை டொரொன்டோவிலிருந்து பெரியம்மாவின் மகள் ஃபோன் எடுத்தாள். அவளுடைய மகனுக்கு முப்பத்தாறு வயது, பெண் பார்க்கவே விடமாட்டானாம்.

"அண்ணா, நீங்க அவனுக்குப் புத்தி ஒண்டும் சொல்ல வேணாம்" என்றாள். "சவூதிக்கு ஒரு டிக்கெட் மட்டும் போட்டுத் தாங்க."