மாத்திரை போட்டாச்சா?

“வணக்கம், நான் சிங்கப்பூர்லேர்ந்து பேசறேன்...” என்று ராமலிங்கம் தொடங்கியதுமே மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து இதே கதைதான். ஒரு பெண்மணி மட்டும், “எங்ககிட்ட ஏமாத்தி எடுக்க ஒண்ணுமில்லப்பா, வேற ஆளப் பாரு” என்று அன்பாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

ராமலிங்கம் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு சிங்கப்பூர் பாசிர் ரிஸ் பகுதியிலுள்ள வீட்டில் தனியாக இருந்தார். டாக்டர் வித்யாவின் ஆய்வுக்குத் தமிழ் பேசும் ஆள் தேவைப்பட, ஒப்புக்கொண்டார். தமிழ்நாட்டில் ஒரு மலையடிவாரக் கிராமம். அங்கே ரத்தக்கொதிப்பு உள்ளவர்களைப் போனில் அழைத்து நினைவுபடுத்தினால் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அந்த ஊருக்கு டாக்டர் வருவதே அபூர்வம். ஷமீமா என்ற நர்ஸ்தான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். கொடுத்த மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்வார்களே தவிர, யாரும் விழுங்குவதில்லை. பக்கவாதம் வந்து இரண்டு பேர் படுத்த படுக்கையாகியும் யாரும் மாறவில்லை.

ராமலிங்கம் ஷமீமாவை அழைத்துப் புலம்பினார். “யாருமே பேச மாட்டேங்கறாங்கம்மா. தனியா இருக்கற எனக்குப் பிரஷர் ஏறுனதுதான் மிச்சம்.”

“நான் சொல்லிப் பாக்கறேன் சார்.”

மறுநாள் முதல் மணியிலேயே எடுத்தார்கள். ராமலிங்கம் வாயைத் திறப்பதற்குள் மங்களம் என்ற பெண்மணி கேட்டார்: “நான் போட்டுட்டேன். நீங்க மாத்திரை போட்டாச்சா?”

ராமலிங்கத்துக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. “போட்டேன்லா” என்று புளுகினார்.

“எங்க, மாத்திரை அட்டையக் காட்டுங்க.”

வீடியோவில் காட்ட அட்டை இல்லை. அன்றே கிளினிக்குக்கு ஓடினார்.

அத்தோடு விட்டார்களா? தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் அவர் ஆட்டுக்கறி பிரியாணியில் கைவைத்த நேரத்தில் அங்கமுத்து என்ற விவசாயி வீடியோவில் வந்தார். “ஊறுகாய ஓரமா வைங்க சார். உப்பு ஆகாது.”

“யாரு அண்ணே அது?” என்றார் கடைக்காரர் அப்துல் கஃபார்.

“நான் பாத்துக்கற ஆளு” என்றார் ராமலிங்கம்.

கடைக்காரர் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தொல்லை தாங்காமல், “இப்ப நடக்கப் போறேன், அப்புறம் பேசறேன்” என்று ஒருமுறை தப்பிக்கப் பார்த்தார். வினையாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் யாராவது அழைத்து, “கடலக் காட்டுங்க” என்றார்கள். காட்டுவதற்காகவே பாசிர் ரிஸ் கடற்கரைக்கு நடந்தார். “எனக்குப் பிரஷர் இறங்கிடுச்சு” என்று சொல்லிப் பார்த்தார். கருவியைக் கட்டிக் காட்டச் சொன்னார்கள்.

ஆனால் ஒரு நாள் அழைப்பு தாமதமானபோது, கடற்கரையில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அவரை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆய்வு முடிந்தது. ஊரில் அநேகமாக எல்லாருக்கும் ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் வந்திருந்தது. மாத்திரை தொடர்ந்து வர ஏற்பாடாயிற்று. வித்யா துள்ளிக் குதித்தார்.

“அங்கிள், யூ ஆர் அமேசிங்! எப்படிச் சாதிச்சீங்க?”

“பேசற விதத்துல இருக்கும்மா” என்றார் ராமலிங்கம், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.

நன்றி சொல்ல வீடியோவில் கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் மருந்துப் பெட்டியோடு ஷமீமா, தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“நோயாளிங்க எல்லாருக்கும் எங்க வாழ்த்துகள்!” என்றார் வித்யா.

அங்கமுத்து குழப்பத்தோடு எழுந்தார்.

“எல்லாருக்குமா? நோயாளி ஒருத்தருதானேம்மா! ‘சிங்கப்பூர்ல ஒருத்தரு தனியா கெடக்காரு, நீங்க முழுங்கினாத்தான் அவரும் முழுங்குவாரு’ன்னு ஷமீமாம்மா இவர எங்க பொறுப்புல விட்டாங்க. இவரு தேறிட்டாரு. அடுத்த ஆள எப்ப குடுப்பீங்க?”