மூப்படைந்த தகடு

தொழிற்சாலைக் கிடங்குக் காப்பாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பூட்டு ஐயா. வளைத்துச் சாமான் செய்வதற்கென்றே வரும் மெல்லிய இரும்புத் தகட்டில் நல்லதாகப் பார்த்துப் பூட்டிவிடுவார். மட்டமானதை மட்டும் வேலைக்குத் தருவார். "நல்லது நாலு பேர் பாக்குற அன்னிக்கு ஆகும்" என்பது அவர் கொள்கை. வீட்டிலும் விருந்தாளித் தட்டுகள் அலமாரியை விட்டு இறங்கியதே கிடையாது.

அந்தப் பொன்னாளும் வந்தது. இயக்குநர் அவர்கள் எழுந்தருளி, முதல் கார்க் கதவு பிறப்பதைக் கண்டு களிப்பார் என்று சுற்றறிக்கை. ஓய்வு வயதைத் தொட்டுவிட்ட பூட்டு ஐயாவின் பதவி நீட்டிப்பும் அன்றைக்கே முடிவாகும். சாமியைக் கும்பிட்டுப் பூட்டைத் திறந்தார். தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் தகட்டை எடுத்துக் கொடுத்தார்.

அழுத்தும் இயந்திரம் இறங்கியது. முட்டை ஓடு மாதிரி கதவு விரிசல் விட்டது.

"யாருய்யா இதுக்குப் பொறுப்பு?" என்றார் இயக்குநர்.

இயந்திரக்காரர் கையைப் பிசைந்தார். "நேத்து வந்த மட்டத் தகடுகூடச் சொன்ன பக்கம் வளையுதுங்க. இது முறைக்குதுங்க."

சோதனைக்கூடத்து அம்மா எட்டிப் பார்த்தார். "இந்த வகைய வந்த கையோட வேலைக்கு விடணும் சார். வருஷக்கணக்கா போட்டு வச்சா விறைச்சுப்போகும். பிசைஞ்ச மாவை மறந்து வச்சா வெடிக்காதா?"

எல்லார் கண்ணும் பூட்டு ஐயா மேல். அவர் இயக்குநரைப் பார்த்துக் கைகூப்பினார். ஆண்டவன் கைவிடவில்லை.

"ஐயா, ஒரே இடத்துல ரொம்ப நாள் இருந்தா தரம் கெட்டுடும்னு இந்தம்மா சொல்றாங்க. இதை நாம எழுத்துல ஒத்துக்கலாமா?"

மூன்றாவது நீட்டிப்பில் இருந்த இயக்குநர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதில் இருந்த துணை இயக்குநருக்கு இருமல் வந்தது.

"கூடவே கூடாது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

நெடுங்கால இருப்பினால் தகட்டின் தகுதி உயர்ந்திருப்பதாகவும், அதை வளைக்க முயன்றது மரியாதைக் குறைவு என்றும் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. மூப்படையாத தகடு இனிக் கிடங்கை விட்டு வெளியேறலாகாது. மூப்படைந்ததோ, வளைக்கத் தேவையில்லாத உயர்ந்த பணிக்கு மட்டுமே: அதிகாரிகளின் பெயர்ப்பலகைக்கு. கூடவே, பூட்டு ஐயாவுக்கு நீட்டிப்பு.

"அப்ப கார்க் கதவு?" என்று அன்றிரவு கேட்டார் பூட்டு ஐயாவின் வீட்டுக்காரி.

"போடி, கதவாம் கதவு! முதல் பலகையே எனக்குத்தான்."

மறுநாள் காலை கிடங்கு வாசலில் நீண்ட வரிசை. முன்னால் நின்ற இயந்திரக்காரர் தலையைச் சொறிந்தார். "நம்ம பேருக்கும் ஒண்ணு..."

அவர் தோளுக்கு மேலாகச் சோதனைக்கூடத்து அம்மாவின் குரல் வந்தது.

"எனக்குக் கொஞ்சம் பெரிசா, சார். பழைய தகடாப் பாத்துக் குடுங்க. புதுசு வேணாம், வளைஞ்சிடும்."