பெத்தானியா வீட்டு ஜன்னலோர நாற்காலி

நாற்காலியைத் திருப்பியது நீங்கள்தான். நீங்கள் ஆணா பெண்ணா, பெயர் என்ன, உயிரோடு இருக்கிறீர்களா இல்லையா, ஒன்றும் தெரியாது. ஆனால் செய்தது நீங்கள்தான். செய்ததும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள். அதனால் மந்தைவெளியில் ஒரு மனிதர், தன் பணத்தில் வாங்கிய வீட்டுக்குப் போகக் கடிதம் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார். இது அடுக்குமா? நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

அந்த மனிதர் பெயர் லியோனார்ட். கச்சேரி ரோட்டில் பழைய மரச்சாமான் கடை. பன்னிரண்டு வயதில் கட்டில் கால் சுமந்து ஆரம்பித்தவர், யாரிடமும் கை கட்டி நிற்காமல் முதலாளி ஆனவர். படிப்பு கிடையாது, வாய் உண்டு. அவர் வாய் பட்டால் நல்ல தேக்கும் கரையான் பிடிக்கும். "இன்னாம்மா, இது பீரோவா? கதவைத் தொறந்தா அழுவுது?" என்று ஆரம்பித்து, விற்க வந்தவரே வெட்கப்பட்டுப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஓடும்வரை குறை சொல்லுவார்.

தொண்ணூற்று நாலாம் வருடம் பிப்ரவரியில், ஏற்காட்டில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பெயர் பெத்தானியா. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஓட்டு வீடு, கீழே காப்பித் தோட்டம், அதற்கும் கீழே பள்ளத்தாக்கு. உரிமைக்காரர் மிஸ் மர்சலின், எழுபது வயது, கல்யாணம் செய்துகொள்ளாத ஓய்வுபெற்ற டீச்சர். தரகர் ஜவஹர் லியோனார்டை அழைத்துப்போனான்.

லியோனார்ட் ஓட்டைக் குறை சொன்னார். சுவரைக் குறை சொன்னார். குளிரைக்கூட, "ஓவரா கீது" என்றார். மிஸ் மர்சலின் விலையை ஒரு ரூபாய்கூட இறக்கவில்லை. நாற்பது வருடம் கணக்கு நடத்தியவர். கடைசியில் லியோனார்ட், எந்தச் சந்தையிலும் இதுவரை இறக்காத சரக்கை இறக்கினார்.

"மிஸ், சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேன். நான் உள்ள வரச்சொல்ல, அந்த ஜன்னலாண்ட நாற்காலில ஒரு அம்மா உக்காந்துகினு இருந்தாங்க. திரும்பிப் பாத்தா காணோம். இந்த மாதிரி வீட்டை யார் வாங்குவா?"

மிஸ் மர்சலின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி இருந்தாங்க?"

"வயசானவங்க. பச்சை ஸ்வெட்டர்."

பச்சை என்று ஏன் வாயில் வந்தது என்று லியோனார்டுக்கே தெரியாது. நீலம் என்றும் சொல்லியிருக்கலாம். மிஸ் மர்சலின் முகம் வெளுத்தது. வெளியே மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு, உள்ளே நடப்பதைக் கேட்பதுபோல் நின்றது.

"பச்சைதான்" என்றார் மெதுவாக. "அப்ப நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த நாற்காலி ஜன்னலைப் பார்த்தே இருக்கட்டும்."

"இருக்கட்டுமே மிஸ்" என்றார் லியோனார்ட். பத்திரம் பதிந்து, மிஸ் மர்சலின் சாவியைக் கொடுத்துவிட்டு மலை இறங்கிய அரை மணியில், நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். அசல் ஈட்டி மரம், பிரம்புப் பின்னல், மேலே மெத்தை. வெயில் பட்டால் பாலிஷ் வெளுக்கும். என்றைக்காவது விற்கிற பொருள் அல்லவா?

வீட்டில் அவர் மனைவி ஜொவிட்டாவிடம், "பேசினேன், முடிச்சேன்" என்று மட்டும் சொன்னார். எப்படிப் பேசினார் என்பதைச் சொல்லவில்லை.

மே மாதம் முதல் பயணம். லியோனார்ட், ஜொவிட்டா, பதினேழு வயது மகள் ஷெரில். சேலத்திலிருந்து வேன், வாடகை மந்தைவெளியிலேயே பேசி முடித்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் பதினாலாவதிலேயே ஷெரிலுக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. கேட்டருகில் வேன் நின்றதும் அவள் செடிக்குள் குனிய, ஜொவிட்டா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். லியோனார்ட் மட்டும் முதலில் போய்ப் பூட்டைத் திறந்தார்.

பகல் பதினொரு மணி. உள்ளே அவ்வளவு அமைதி. சென்னையில் பிறந்த காதுக்கு அது அமைதியாகவே படாது, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருந்தது. மெத்தையில் ஒரு குழி. இப்போதுதான் யாரோ எழுந்து போன குழி.

"ஏங்க, என்ன நிக்கிறீங்க?" ஜொவிட்டா பின்னால் வந்தாள்.

"நாற்காலி திரும்பிக் கீது."

"அதனால?"

"நான் சுவத்தப் பாத்து வெச்சேன். எலி தள்ளியிருக்கும்."

"எலி நாற்காலியைத் திருப்புமா?"

"மலை எலி!"

அன்றைக்கே திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கினார். ஒரே சாவி. அது அவர் பெல்ட்டில். நாற்காலி மறுபடி சுவருக்கு.

ஜூலையில் இரண்டாவது பயணம். மழை. இந்தத் தடவை சேலத்திலிருந்து பஸ், ஏற்காடு பஸ் நிலையத்திலிருந்து டாக்ஸி. கேட்டருகில் இறங்கியதும் லியோனார்ட் வழக்கம்போல் வாடகையில் பேரம் ஆரம்பித்தார்.

"சார், ஏறும்போது பேசுனதுதானுங்க" என்றான் டாக்ஸிக்காரன்.

"ஏறும்போது பேசுனது ஏறுறதுக்கு. இப்ப எறங்கியாச்சு. வண்டி பூரா ஒழுவுது. எம் பொண்ணு நனைஞ்சதுக்கு நீ இன்னா தருவ?"

"மழைக்கு நான் என்னங்க பண்றது?"

ஜொவிட்டா பெரிய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க பேசிட்டு வாங்க. சாவி குடுங்க, நான் போய்ப் பாலை வெக்கிறேன்."

கால் மணி நேரம் பேசி, டாக்ஸிக்காரனை அழும் நிலைக்குக் கொண்டுவந்து, வெற்றியோடு படியேறினார் லியோனார்ட். ஹாலில் ஜொவிட்டா அசையாமல் நின்றிருந்தாள். நாற்காலி ஜன்னலைப் பார்த்தது. ஜன்னல் கட்டையில் ஒரு கப் டீ.

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலை" என்றாள் ஜொவிட்டா. "ஆனா ஆவி பறக்குதுங்க."

லியோனார்டுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. டீயைத் தொட்டார். சுட்டது. கையை உதறிக்கொண்டு, சமையலறை, குளியலறை, கட்டிலடி எல்லாம் தேடினார். யாருமில்லை. மழை ஓட்டில் விரல் தட்டியது. நாற்காலியை மறுபடி சுவருக்குத் திருப்பிவிட்டு, மூன்று நாள் பயணத்தை ஒன்றரை நாளில் முடித்தார்.

நவம்பரில் போகவே வேண்டாம் என்றார். "கல்லறைத் திருநாள் வருது. அந்த மலைக் கல்லறைல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரலாம்" என்றாள் ஜொவிட்டா. மாட்டேன் என்றால் பயம் என்று ஆகிவிடும். போனார்கள். சாவியை ஜொவிட்டாவிடம் கொடுத்து அனுப்பிய பிறகு, கேட்டருகில் டாக்ஸிக்காரரோடு பேச்சு நீண்டது. நீட்டியது லியோனார்டேதான். வீட்டுக்குள் முதலில் போக அவருக்கு அவசரமில்லை.

மூடுபனி படிக்கட்டை முழுங்கிவிட்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு எதிரில் நீட்டிய கை தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஷெரில் குரல் மட்டும் வந்தது: "டாடி... டாடி, வந்து பாருங்களேன்..."

நாற்காலி ஜன்னலைப் பார்த்திருந்தது. அதன் மெத்தையில் பின்னல் ஊசி இரண்டு. பாதி பின்னிய ஸ்வெட்டர் கை ஒன்று. பச்சை.

லியோனார்ட் விரல் விட்டு எண்ணினார். இந்த உலகத்தில் பச்சை ஸ்வெட்டரைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்று பேர்: பொய் சொன்ன அவர், கேட்டுக்கொண்டிருந்த தரகர், நம்பிய மிஸ் மர்சலின். மனைவி மகள் காதில் அவர் அதைப் போட்டதே இல்லை. தன் வாயால் செய்த ஒரு பெண், கையில் ஊசி எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிட்டாள்!

"ஏங்க, உங்களுக்கு இந்த பச்சைக் கம்பளியைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்றாள் ஜொவிட்டா.

தெரியும் என்றால் பொய் சொல்லி வீடு வாங்கியது வெளியே வரும். "எனக்கு இன்னா தெரியும்? நான் என்ன டெய்லரா?" என்று கத்தினார். குரல் பாதியில் கீச்சென்றது.

கிறிஸ்துமஸுக்கு மலை ஏறவில்லை. கடையில் உட்கார்ந்து முடிவெடுத்தார்: விற்றுவிடுவது. வாங்கிய விலைக்கு மூணு மடங்கு. தி.நகரில் லாட்ஜ் வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் பாய் ஆசைப்பட்டார். ஜனவரியில் இருவரும் போனார்கள். பாய் ஓட்டைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார், ஹாலுக்கு வந்து தாடியைத் தடவினார்.

"வீடு நல்ல வீடு லியோனார்ட். ஆனா பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா இங்க உக்காந்திருக்கறதா சொல்றாங்களே?"

"எ... எவன் சொன்னான்?"

"ஜவஹர். நீங்களே உங்க கண்ணால பாத்து, மிஸ்கிட்ட சொன்னீங்களாமே?"

வேறு சமயமாக இருந்தால் லியோனார்ட், 'விலையைக் குறைக்க எடுத்துவிட்ட கதை பாய்' என்று சிரித்திருப்பார். சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். கண் நாற்காலிப் பக்கம் போனது. வாய் மூடிக்கொண்டது.

பாய் அந்த முகத்தைப் பார்த்தார். "வேணாம் பா. நீங்க சும்மா குடுத்தாலும் வேணாம்" என்று செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அந்த வாரமே பாண்டி பஜாரிலிருந்து கோடம்பாக்கம் வரை செய்தி போய்விட்டது. தான் குறை சொன்ன பொருள் விலை போகாது என்பதில் லியோனார்டுக்கு எப்போதும் பெருமை. இப்போது அந்தப் பொருள் அவருடையது.

"காலியா விட்டா ஓடு இறங்கிடும்" என்றாள் ஜொவிட்டா, சாப்பாடு பரிமாறிக்கொண்டே. "பயப்படாத ஆள் யாரையாவது குடி வைங்க."

"எந்தப் பைத்தியம் அங்க குடி போவும்?"

"மிஸ் மர்சலின் இங்கதான் மந்தைவெளியில இருக்காங்க. ஒரே ரூம். ஜன்னல் கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவாங்க."

மறுநாளே லியோனார்ட் அந்த ஜன்னலில்லாத அறையில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சும் இடத்தில்.

"வாடகையே வேணாம் மிஸ். நீங்க வந்து இருந்தா போதும்."

"குளிர் ஓவரா இருக்குமே" என்றார் மிஸ் மர்சலின்.

"விறகு நான் போடறேன்."

"ஓடு ஒழுகும்னு நீங்கதான் சொன்னீங்க."

"மாத்திடறேன் மிஸ்."

"சுவரும் சரியில்லைன்னீங்க."

"பூசிடறேன்."

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் யாரும் கிளப்பக்கூடாது. நீங்க குடும்பத்தோட வரணும்னா முன்கூட்டி லெட்டர் போடணும். நான் பதில் போட்ட பிறகு வரணும். நாற்காலியைத் தொடக்கூடாது."

லியோனார்டுக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. பச்சைக் கம்பளி நினைவு வந்தது. கோபம் இறங்கிவிட்டது. முத்திரைத்தாளில் மிஸ் மர்சலின் தன் அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் மிஸ் மர்சலின் மலை ஏறினார். அன்று மத்தியானம் ஜொவிட்டா சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். லியோனார்ட் அடுக்களை வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்.

"எப்டியோ தொல்லை விட்டுச்சு."

"நாந்தாங்க" என்றாள் ஜொவிட்டா, மீனைத் திருப்பிக்கொண்டே.

"இன்னா நாந்தான்?"

"டீ நான் வெச்சது. பிளாஸ்க்குல கொண்டுபோனேன். கம்பளி ரங்கநாதன் தெருவுல வாங்கினது. நீங்க கேட்டாண்ட அஞ்சு ரூபாய்க்குச் சண்டை போடறதுக்குள்ள ஒரு கல்யாணத்தையே நடத்தலாம். நாற்காலியைத் திருப்ப எவ்வளவு நேரம்?"

லியோனார்ட் கதவைப் பிடித்துக்கொண்டார். "பச்சைன்னு உனக்கு எப்டி..."

"ஜூன் மாசம் கோயில்ல மிஸ் சொன்னாங்க. அவங்க அக்கா கடைசி வரைக்கும் பச்சை ஸ்வெட்டர் போட்டு அந்த ஜன்னல்லதான் உக்காந்திருந்தாங்களாம். 'என் அக்காவை உன் வீட்டுக்காரர் பார்த்தார்மா, அதான் குடுத்துட்டேன்'னு கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு உங்களைப் பத்தித் தெரியாதா? செத்தவங்களை வெச்சு விலை பேசியிருக்கீங்க. உங்க பொய்யை உங்களுக்கே திருப்பி வித்தேன். நல்ல விலைக்கே போச்சு."

ஜொவிட்டா அடுத்த மீனை எண்ணெயில் போட்டாள். பிறகு லியோனார்ட் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கில்லாடிடி நீ! மே மாசமே ஆரம்பிச்சுட்டியே!"

ஜொவிட்டாவின் கரண்டி நின்றது. "மே மாசமா? ஜூன்லதானே எனக்கே தெரியும்னு சொல்றேன்."

"அப்ப மே மாசம் நாற்காலியத் திருப்புனது?"

"அன்னிக்கு நீங்கதானே முதல்ல உள்ள போனீங்க? நான் இவ தலையைப் பிடிச்சிட்டு நின்னேன்."

"நான் வாந்தி எடுத்துட்டிருந்தேன் டாடி" என்று கூடத்திலிருந்து ஷெரில் சாட்சி சொன்னாள்.

"சாவி எங்கிட்டதான் இருந்துச்சு..." என்றார் லியோனார்ட், தனக்குத்தானே.

ஜொவிட்டா அடுப்பை அணைத்தாள். கணவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "போங்க! பழிக்குப் பழி பயமுறுத்துறீங்களா? உங்க கதையை இனிமே இந்த வீட்ல யாரும் வாங்க மாட்டோம்."

அன்றிலிருந்து அவர் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். ஒருவரும் நம்பவில்லை. வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை விலை போகாமல் கிடக்கிறது. மே மாதத்துக்கு ஏற்காடு வரலாமா என்று மிஸ் மர்சலினுக்கு லெட்டர் போட்டார். பதில் வந்துவிட்டது. ஜொவிட்டாவும் ஷெரிலும் தாராளமாக வரலாம், அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை. லியோனார்டைப் பற்றி அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஆகவே, மே மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரே, போதும் விளையாட்டு! ஜன்னலை விட்டு எழுந்து நேரே மந்தைவெளிக்கு வாருங்கள். பட்டப்பகலில் ஜொவிட்டாவின் எதிரில் நின்று, "நான்தான் திருப்பினேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வந்துபோகிற டாக்ஸிச் செலவு லியோனார்டுடையது. கேட்டதைக் கொடுத்துவிடுவார்.